தாய்மாமன் வைத்த பேனர்

எனக்குக் கோபம் வருவதற்குப் பெரிய காரணம் எதுவும் தேவையில்லை. சேலத்தில் ஒரு தெருவில் நுழைந்து அடுத்த தெருவில் வெளியே வந்தால் போதும். தண்ணீர் சுத்திகரிக்கும் எந்திரங்களைப் பழுது பார்ப்பது என் தொழில். தோளில் ஒரு பை, அதற்குள் ஸ்பேனரும் ஃபில்டரும், காலையிலிருந்து சாயங்காலம் வரை வீடு வீடாக ஏறி இறங்க வேண்டும். வண்டியை ஒரு மரத்தடியில் நிறுத்திவிட்டு நாலைந்து வீடுகளை நடந்தே முடிப்பது வழக்கம். இந்த ஊரின் கோமாளித்தனமெல்லாம் நடக்கிறவன் கண்ணில்தான் படும்.

ஃபேர்லேண்ட்ஸில் ஒரு வீட்டிலிருந்து, எந்திரத்தில் விளக்கு எரியவில்லை என்று மூன்று முறை போன் செய்தார்கள். போய்ப் பார்த்தால், ஆயுத பூஜைக்கு எந்திரத்துக்குச் சந்தனம் வைத்திருக்கிறார்கள். அதுவும் சரியாக விளக்கின் மேல். ஈரத்துணியால் துடைத்தேன், எரிந்தது. "அதைத் தொடைக்கலாமுங்களா, சாமி குத்தம் ஆயிராதுங்களா?" என்று கேட்டார் அந்த அம்மா. குங்குமச் சிமிழை வாங்கி, விளக்குக்கு மேலே தள்ளி வேறொரு பொட்டு வைத்துவிட்டு வந்தேன். அந்தத் தெரு முனையில் ஒரு நிழற்குடை இருக்கிறது. அதைத் திறந்து வைத்தவர்களின் பெயர்ப் பலகை கூரையைவிடப் பெரியது. குடைக்குள்ளே வெயில் தாராளமாக அடிக்கிறது. ஜனங்கள் அந்தப் பலகைக்குப் பின்னால் விழுகிற நிழலில், சாக்கடையை ஒட்டி வரிசையாக நின்று பஸ்ஸுக்குக் காத்திருக்கிறார்கள். செவ்வாய்ப்பேட்டையில் ஒரு துணிக்கடை வாசலில் தலையில்லாத பொம்மைக்கு நைட்டி மாட்டி, கழுத்தில் திருஷ்டிக்கு எலுமிச்சையும் மிளகாயும் கட்டியிருந்தார்கள். தலையே இல்லாததைப் பார்த்து யார் கண் வைக்கப்போகிறார்கள் என்று கடைக்காரரிடம் கேட்டேன். தலையிருந்த காலத்தில் கட்டியது, அப்படியே விட்டுவிட்டோம் என்றார்.

இதையெல்லாம் போனில் படம் பிடித்து அக்கா மகளுக்கு அனுப்புவேன். அக்கா வீடு சூரமங்கலம் பக்கம். மச்சானுக்குச் சொந்த ஊர் திருச்செங்கோடு. ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டி வைத்திருக்கிறார். போர் போட வடக்கே போனால் மாதக்கணக்கில் திரும்ப மாட்டார். மகள் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். அக்காவின் போனில் என் படங்களைப் பார்த்துவிட்டு அவள் ஒரு வரி எழுதி அனுப்புவாள். தலையில்லாத பொம்மைக்கு, "மாமா, இதுக்குக் கோவமே வராது, கொடுத்து வெச்சது" என்று எழுதினாள். என் கோபத்தைக் கிண்டல் செய்ய இந்த உலகத்தில் அவள் ஒருத்திக்குத்தான் உரிமை கொடுத்திருந்தேன்.

எனக்கு அதிகத் தீனி போட்டது பேனர்கள். கல்யாணப் பேனரைச் செய்தித்தாள் மாதிரி அச்சடித்து, 'இளைஞர் பிடிபட்டார், ஆயுள் தண்டனை' என்று மாப்பிள்ளையின் கூட்டாளிகள் தலைப்புப் போட்டிருப்பார்கள். காது குத்துப் பேனரில் மொட்டைத்தலைக் குழந்தை கறுப்புக் கண்ணாடியோடு சிங்கத்தின் மேல் உட்கார்ந்திருக்கும். கீழே பெரியப்பன் சித்தப்பன் வகையறா முகங்கள் வரிசையாக இருக்கும். அதில் பாதிப் பேர் காதில் போனை வைத்துக்கொண்டு பேசுவார்கள். எல்லோரும் யாரிடம்தான் பேசுகிறார்களோ தெரியவில்லை. பேனருக்குப் படம் எடுக்கும்போது போனைக் கீழே வைத்தால் குடி மூழ்கிவிடும் போலிருக்கிறது.

பெண் குழந்தைகளின் பேனர்களையும் படம் பிடித்தேன். அதைச் சொல்லாமல் விட்டால் இதை எழுதுவதிலேயே அர்த்தமில்லை. ஒரு சின்னப் பெண் வயதுக்கு வந்துவிட்டால் இங்கே மஞ்சள் நீராட்டு விழாவென்று நாற்சந்தியில் அவள் படத்தை லாரி உயரத்துக்கு நிறுத்துவார்கள். தலையில் கிரீடம், பக்கத்தில் மயில், கீழே மாமன்களின் அணிவகுப்பு. அப்படி ஒரு படத்தை அனுப்பியபோது அக்கா மகளிடமிருந்து பதில் வரவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை நேரில் போயிருந்தபோது கேட்டாள்.

"மாமா, அந்த அக்கா அடுத்த நாள் எப்படிங்க ஸ்கூலுக்குப் போயிருப்பாங்க?"

நான் மயிலின் கழுத்து கோணலாக இருந்ததைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தேன். அவள் கேட்டதற்கு என்ன சொன்னேன் என்று நினைவில்லை. எதுவும் சொல்லியிருக்க மாட்டேன்.

போன வருஷம் ஒரு திங்கட்கிழமை, அம்மாபேட்டையில் ஒரு வீட்டுச் சமையலறையில் குழாயைக் கழற்றிக்கொண்டிருந்தபோது அக்கா அழைத்தாள். "பாப்பா பெரிய மனுசி ஆயிட்டா. நீ வந்து தலையைக் காட்டிட்டுப் போ" என்றாள். வேலையை முடித்துவிட்டு, பழமும் பூவும் வாங்கிக்கொண்டு போனேன். அவளைப் பின்பக்க அறையில் உட்கார வைத்திருந்தார்கள். தனித் தட்டு, தனி டம்ளர், தனிப் பாய். வாட்டர் பாட்டிலும் வரலாற்றுப் புத்தகமும் பக்கத்தில் இருந்தன. நான் வாசற்படியிலேயே நின்றேன். அதுவே எனக்கு எரிச்சலாக இருந்தது. எங்கள் வீட்டுக் குழந்தைக்கு என்ன தொற்று வியாதியா வந்துவிட்டது? அக்காவிடம் கேட்டேன். "இந்த ஊட்டுப் பெரியவங்க வாயை உன்னால அடைக்க முடியுமா?" என்றாள். முடியாது.

அக்கா காபி போடப் போனதும் அவள் மெதுவாகக் கூப்பிட்டாள்.

"மாமா, ஒண்ணே ஒண்ணு கேக்கட்டுங்களா?"

"கேளு சாமி."

"எனக்கு நகை, பட்டுப்பாவாடை ஒண்ணும் வேண்டாங்க. என் படம் போட்டு பேனர் மட்டும் வெச்சுராதீங்க. எங்க ஸ்கூல் பஸ் தெரு முக்குலதான் நிக்குது. பசங்க எல்லாரும் பாப்பாங்க. அப்புறம் நான் ஸ்கூலுக்குப் போகவே மாட்டேன்."

"மாமன் இருக்கற வரைக்கும் உன் படம் வெளிய வராது. நீ படி" என்றேன்.

அவள் சும்மா சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும். அவள் வகுப்பில் ஒரு பெண்ணுக்கு அப்படிப் பேனர் வைத்து, பையன்கள் அந்தப் பேனரில் இருந்த பட்டத்தையே அவளுக்குப் பெயராக வைத்துக் கூப்பிட்டு, அந்தப் பெண் அரையாண்டுத் தேர்வுக்கே வரவில்லை. இதையும் அவள்தான் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை சீர் என்று முடிவாயிற்று. மச்சானும் வண்டியை ஆட்கள் பொறுப்பில் விட்டுவிட்டு வந்து சேர்ந்தார். அவருடைய பெரிய அண்ணன் திருச்செங்கோட்டிலிருந்து வந்து, நாற்காலியில் உட்கார்ந்ததும் முதலில் என்னிடம் கேட்டது இதைத்தான்.

"ஏனுங்க மாப்ளை, தாய்மாமன் பேனர் எங்கீங்க வெக்கறீங்க?"

பேனர் வேண்டாமென்று பாப்பா சொல்கிறாள் என்றேன். அவர் சிரித்தார்.

"சின்னப்புள்ளைக்கு என்னங்க தெரியும்? மாமன் பேனர் இல்லாத சீரு எங்க ஊர்ல கெடையாதுங்க. பொண்ணுக்கு மாமன் இருக்காரா, இல்லாமப் போயிட்டாரான்னு சனம் கேக்காதுங்களா?"

மச்சான் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. கோபத்தில் அவரிடம் முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும். அதைச் சொல்லவில்லை. எனக்கு ரோஷம் வந்துவிட்டது. மாமன் இல்லையா, இருக்கிறானா என்று காட்டுகிறேன் பார் என்று கிளம்பினேன். போகிற வழியில் ஒரு யோசனை தோன்றியது, அதை நினைத்து என்னை நானே மெச்சிக்கொள்ளவும் செய்தேன். பேனர் வைப்பது, ஆனால் அதில் என் படத்தை மட்டும் போடுவது. 'தாய்மாமன் சீர் கொண்டு வருகிறார்' என்று ஒரு வரி. பாப்பாவுக்குக் கொடுத்த வாக்கும் தப்பாது, அவர்கள் வாயும் அடையும்.

ஃப்ளெக்ஸ் கடையில் ஒரே கூட்டம். கடைக்காரர் ஒரு கண்ணைக் கணினியில் வைத்துக்கொண்டு படம் கேட்டார். என் போனில் ஊரில் உள்ள கோமாளித்தனமெல்லாம் இருந்தது, என் படம் மட்டும் இல்லை. தேடித் தேடி ஒன்று கிடைத்தது. பனமரத்துப்பட்டி ஏரிக்கரையில் எடுத்தது. தீபாவளிக்கு வாங்கிய சட்டை, ஓரளவு சிரித்த முகம். பக்கத்தில், காற்றில் பறக்கும் தலைமுடியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு பாப்பா நிற்கிறாள். அதைத்தான் அனுப்பினேன்.

"என்னை மட்டும் வெட்டி எடுத்துக்குங்க" என்றேன்.

"பாத்துக்கலாமுங்க. எங்க வெக்கறதுங்க?"

அக்கா வீட்டுத் தெருப் பெயரைச் சொல்லி, "சனம் பாக்கற எடமா வெச்சுருங்க" என்றேன்.

அந்தத் திமிரை என்னவென்று சொல்வது? திருச்செங்கோட்டுக்காரர் தெருவில் இறங்கினதும் என் முகம் அவர் முகத்தில் அறைய வேண்டும். அது ஒன்றுதான் அப்போது என் மனதில் இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை அக்கா வீட்டு வழியாக வேலைக்குப் போனேன். எட்டு மணி ஆகியிருக்காது. தெரு முக்குத் திருப்பத்தில் சவுக்குக் கம்பம் நட்டு ராத்திரியோடு ராத்திரியாக ஒரு பேனர் ஏற்றியிருந்தார்கள். மரக்கிளை மறைத்தது போகப் பாதிதான் தெரிந்தது, தூரத்திலிருந்தே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒரு ஆள் கறுப்புக் கண்ணாடி போட்டு, கழுத்தில் கையகலத் தங்கச் சங்கிலி தொங்க நிற்கிறான். சுண்ணாம்பு அடித்த மாதிரி முகம் வெளுப்பு. இரண்டு பக்கமும் யானைகள் அவன் மேல் பூக்கொட்டுகின்றன. வண்டியை நிறுத்தி, படம் பிடிக்கப் போனைத் தூக்கினேன். போனுக்குள் பார்த்தபோதுதான் அந்தச் சட்டை எனக்குத் தெரிந்த சட்டை என்று பட்டது.

கிளையைத் தாண்டிப் போனால், மறுபாதியில் அவள் இருந்தாள். என்னைப்போல இரண்டு மடங்கு உயரத்தில். முடியைப் பிடித்திருந்த கை அப்படியே இருந்தது, தலையில் கிரீடம் ஏறியிருந்தது. 'எங்கள் வீட்டு மகாராணி பருவம் எய்திய பெருவிழா' என்று எழுதியிருந்தது. நான் எழுதச் சொன்ன ஒரு வரி என் காலடியில் பொடி எழுத்தில் கிடந்தது.

போனைப் பையில் போட்டேன். அவள் இன்னும் அந்தப் பின்பக்க அறையில்தான் இருக்கிறாள், பேனரைப் பார்த்திருக்க மாட்டாள். ஆனால் பள்ளிப் பேருந்து எட்டேகாலுக்கு வந்துவிடும். அதற்குள் இதை இறக்க வேண்டும். டியூப் அறுக்கிற கத்தியை எடுத்து வாயில் கடித்துக்கொண்டு கம்பத்தில் ஏறினேன். கயிறு இருந்திருந்தால் ஒரு நிமிட வேலை. பாவிகள் கட்டுக்கம்பி போட்டு முறுக்கியிருந்தார்கள். ஃப்ளெக்ஸைத்தான் கிழிக்க வேண்டியிருந்தது.

டீக்கடையிலிருந்து நாலு பேர் ஓடி வந்தார்கள்.

"யோவ், நல்ல காரியத்துப் பேனரைக் கிழிக்கறயே, நீயெல்லாம் மனுசனா? எறங்குய்யா கீழ!"

"இது நான் வெச்ச பேனருங்க. அந்த மாமன் நான்தான்."

அவர்கள் பேனரைப் பார்த்தார்கள், என்னைப் பார்த்தார்கள், மறுபடியும் பேனரைப் பார்த்தார்கள். ஒருத்தர் என் காலைப் பிடித்து இழுத்தார்.

"அந்த மாமனாம். மூஞ்சியப் பாரு. பங்காளிச் சண்டைக்குப் பொம்பளப்புள்ள பேனரைக் கிழிக்க வந்துட்டான்."

காலை உதறினேன். செருப்பு கழன்று விழுந்தது. இந்த ஊரில் ஒரு குழந்தையின் உடம்பில் நடந்ததை நடுத்தெருவில் எழுதி வைக்கலாம், அதற்கு ஒருத்தன் வாய் திறக்கமாட்டான். அதைக் கிழித்தால் மட்டும் எல்லோருக்கும் மானம் வந்துவிடும். இதை அவர்களிடம் சத்தமாகவே சொன்னேன், கெட்ட வார்த்தைகள் சிலவற்றையும் சேர்த்து. இதற்குள் என் பக்கத்துப் பாதிதான் கிழிந்திருந்தது. யானைகளும் நானும் மடங்கித் தொங்கிக்கொண்டிருந்தோம். அவள் பாதி அப்படியே விறைப்பாக நின்றது. அப்போது பேருந்து வந்தது.

நின்றது. ஏறுவதற்கு இரண்டே பிள்ளைகள், ஆனால் ஜன்னல் முழுக்கத் தலைகள். "டேய், நம்ம கிளாஸுடா!" என்று ஒரு பையன் கத்தினான். யாரோ கை தட்டினார்கள். "மகாராணி, மகாராணி" என்று பின்சீட்டிலிருந்து இரண்டு மூன்று குரல்கள் சேர்ந்தன. நான் கத்தியும் கையுமாகக் கம்பத்தில் தொங்கிக்கொண்டு அதைக் கேட்டேன். பேருந்து போய்விட்டது. அப்புறம் மிச்சத்தையும் கிழித்தேன், யாருக்காக என்று தெரியாமல்.

நேராகக் கடைக்குப் போனேன். கடைக்காரர் ஷட்டரைப் பாதி தூக்கியிருந்தார்.

"என்னை மட்டும் போடச் சொன்னேனா இல்லையா?"

"ஏனுங்க, உங்க நல்லதுக்குத்தானுங்க செஞ்சேன்" என்றார். உண்மையிலேயே அவருக்கு மனசு வலித்த மாதிரி இருந்தது. "பொண்ணு படம் இல்லாம மாமனை மட்டும் பெருசாப் போட்டா, சனம் கண்ணீர் அஞ்சலின்னுல்லங்க நெனைச்சுக்கும்? நீங்களே பொண்ணு படத்தையும் அனுப்பியிருந்தீங்க. கூச்சப்பட்டுட்டுச் சொல்லாம உட்டுட்டீங்களாட்ட இருக்குதுன்னு நெனைச்சேன்."

"அந்த எடத்துல எதுக்கு வெச்சீங்க?"

"சனம் பாக்கற எடமா வெக்கச் சொன்னது நீங்கதானுங்களே."

அவரை அடிக்கக் கை ஓங்கிவிட்டேன். பக்கத்துக் கடைக்காரர் பிடித்துக்கொண்டார். அங்கிருந்து அக்கா வீட்டுக்குப் போய், மச்சானின் அண்ணனைக் கேட்காத கேள்வியெல்லாம் கேட்டேன். பெற்ற மகள் என்ன நினைப்பாள் என்று ஒரு வார்த்தை சொல்லத் துப்பில்லையா என்று மச்சானைக் கேட்டேன். அக்கா அழுதாள். அவளையும் விடவில்லை. பின்பக்க அறையின் கதவு சாத்தியிருந்தது. நான் போட்ட சத்தம் அத்தனையும் அந்தக் கதவுக்குள்ளே கேட்டிருக்கும். கதவைத் தட்டத்தான் எனக்குத் தைரியம் வரவில்லை. உள்ளே போய் என்ன சொல்வது? சத்தம் போடுவது அதைவிடச் சுலபமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை தாம்பூலத் தட்டுகளோடு மேளம் முன்னே போக மண்டபத்துக்குள் போனேன். திருச்செங்கோட்டுக்காரர் திருப்தியாகத் தலையாட்டினார். வெள்ளிக்கிழமை நான் அவரைத் திட்டியதே நடக்காத மாதிரி. மேடையில் அவள் பட்டுப்புடவையில் உட்கார்ந்திருந்தாள். மாலை போட வேண்டியவன் நான். குனிந்தேன். அவளும் கழுத்தை நீட்டினாள். புகைப்படக்காரர் சிரிக்கச் சொன்னார், இருவரும் சிரித்தோம். அந்தச் சிரிப்போடுதான் அவள் பேசினாள்.

"எல்லார்கிட்டயும் சண்டை போட்டீங்களாமா மாமா?"

"பின்ன? உட்டுருவனா சாமி?"

"எங்கிட்ட மட்டும் ஒண்ணும் சொல்லல."

மேளச் சத்தத்தில் எனக்கு மட்டும்தான் அது கேட்டது. மாலையின் நூல் என் விரலில் சிக்கியிருந்தது, எடுக்கத் தெரியாமல் நின்றேன். தப்பு என்னுடையதுதான் என்று அவள் காதருகில் சொன்னேன். எனக்குத் தெரிந்து எங்கள் வகையறாவில் எந்த மாமனும் ஒரு குழந்தையிடம் அப்படிச் சொன்னதில்லை.

"இங்க வேண்டாங்க. நாளைக்கு பஸ்ல வந்து சொல்லுங்க."

"அத்தனை பேரு முன்னாலயா?"

வாயிலிருந்து அந்தக் கேள்வி போன பிறகுதான் எனக்கு உறைத்தது. அவள் சிரிப்பை நிறுத்தினாள். புகைப்படக்காரர் கையைத் தட்டி, "பாப்பா, இங்க பாரு" என்றார்.

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு அந்தத் திருப்பத்தில் நின்றேன். சீருடையில், புத்தகப் பையோடு அவள் வந்தாள். இன்னும் நாலு நாள் இருக்கட்டும் என்று வீட்டில் சொன்னார்களாம். கேட்கவில்லையாம். இருவரும் பேசிக்கொள்ளவில்லை. பேருந்து வந்தது. கதவைத் திறந்த ஆயா, பெற்றவர்கள் உள்ளே ஏறக் கூடாது என்றார்.

"எங்க மாமாங்க. ஒரு நிமிசம் பேசணுமாம்" என்றாள் அவள்.

இரண்டு படி ஏறினேன். உள்ளே நாற்பது முகங்கள். 'மகாராணி' என்று பின்னால் ஒரு குரல் ஆரம்பித்து, என்னைப் பார்த்ததும் நின்றது. நாளெல்லாம் ஊரைத் திட்டுகிற வாய்க்கு இந்த நாலு வாக்கியம் வர அவ்வளவு நேரம் பிடித்தது.

"வெள்ளிக்கெழமை இங்க ஒரு பேனர் பாத்தீங்கல்ல. அதை வெச்சது நான்தான். இவ வேண்டாம்னு சொன்னா. சொல்லியும் வெச்சேன். தப்பு என்னோடது, இவளை ஒண்ணும் சொல்லாதீங்க."

யாரும் சிரிக்கவில்லை. ஓட்டுநர் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்துவிட்டு ஹாரனில் கை வைத்தார். நான் இறங்கத் திரும்பினேன். அப்போது மூன்றாவது வரிசையில், ஏழாம் வகுப்பு இருக்கும், ஒரு பெண் எழுந்து நின்றாள். மடியில் இருந்த டிபன் டப்பாவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"எங்க மாமாகிட்டயும் வந்து இதைச் சொல்றீங்களாங்க? அடுத்த வாரம் எனக்கு வெக்கறாங்க."

முன்பின் தெரியாத வீட்டுக்குள் நுழைந்து, முன்பின் தெரியாத ஒரு மாமனிடம் நான் என்ன சொல்ல முடியும்? அக்கா மகள் என்னைத் தாண்டி உள்ளே போனாள். அந்தப் பெண்ணின் பக்கத்தில் பையை வைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

"சொல்லுவாங்க. நானே கூட்டிட்டு வாரேன்" என்றாள், என்னை ஒரு வார்த்தை கேட்காமல்.